மாவு அக்காவின் ஃப்ரிட்ஜ் ரிவர்ஸில் போன நாள்

எங்கள் தெருவில் எந்த வண்டியும் தனியாக ரிவர்ஸ் எடுத்தது கிடையாது. கியர் விழுகிற சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தோ ஒருவர் வந்து வண்டிக்குப் பின்னால் நின்றுவிடுவார். டீ கிளாஸோடு வருவார். பல் தேய்த்துக்கொண்டே வருவார். போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே மிச்சமிருக்கிற கையை மட்டும் நமக்காக ஆட்டுவார். "வா வா வா... வரலாம்... லெஃப்ட்ல ஒடி... வா வா..." கடைசியில் வண்டியின் முதுகில் பட்டென்று ஒரு தட்டு. அதற்கு நில் என்று அர்த்தம். சில சமயம் சுவரில் இடித்த பிறகுதான் அந்தத் தட்டு விழும். வண்டிக்காரருக்கும் அவருக்கும் முன்பின் பழக்கம் இருக்காது. இவர் நன்றி சொல்ல மாட்டார், அவரும் எதிர்பார்க்க மாட்டார். வேலை முடிந்ததும் அவர் பாட்டுக்கு டீயைக் குடித்துக்கொண்டு போய்விடுவார்.

முடிச்சூர் பக்கத்திலேயே வளர்ந்ததால் உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அப்புறம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன்.

பி.இ. முடித்துவிட்டு வண்டலூர் தாண்டி ஒரு பெரிய குடோனில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பிஸ்கட், சோப்பு, ஷாம்பு எல்லாம் வந்து இறங்கி, மறுபடி வேறு லாரி ஏறிப் போகிற இடம். எனக்குக் கண்ணாடி அறை, ஏசி, கம்ப்யூட்டர். எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட்டுகள் போய் வந்துகொண்டிருக்கும். முன்னால் நீட்டிய இரண்டு இரும்புக் கைகளில் ஆளுயரச் சுமையை வாங்கிக்கொண்டு, பின்சக்கரத்தை மட்டும் ஒடித்து, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, கல்யாண வீட்டுப் பந்தியில் ஓடுகிறவர்கள் மாதிரி வளைந்து வளைந்து போகும். இதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பது? கேட்டேன். நச்சரித்தேன். மேனேஜர் காபி குடிக்கப் போகிற வழியிலெல்லாம் நின்றேன். கடைசியில் தொல்லை தாங்காமல் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தேறி, போட்டோ ஒட்டிய அட்டையும் வாங்கிவிட்டேன். அம்மா இன்றுவரை அக்கம்பக்கத்தில் "கம்ப்யூட்டர் வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பயிற்சி கொடுத்த சார் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். சுமையைத் தரையை ஒட்டித் தாழ்வாகக் கொண்டு போக வேண்டும், சற்றே நம் பக்கம் சாய்த்து. சுமை கண்ணை மறைத்தால் ரிவர்ஸில்தான் போக வேண்டும். தூக்கிய சுமைக்குக் கீழே ஈ எறும்பு கூட நிற்கக் கூடாது. சுமையோடு ஆள் ஏறவே கூடாது, சாமியே வந்து கேட்டாலும். வீட்டுக்கு வந்தும் இது என்னை விடவில்லை. அம்மா இட்லிப் பானையை நெஞ்சு உயரத்தில் தூக்கி வந்தால் "தாழ்வா, தாழ்வா" என்பேன். சமையலறை வாசலில் திரும்பும்போது வாயாலேயே ஹாரன் அடிப்பேன். அப்பா சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஹாலில் அந்த வழியாக நடப்பதையே நிறுத்திக்கொண்டார்.

ஒரே ஒரு விதியில்தான் இடறினேன். ஓட்டுகிறவருக்குச் சைகை காட்ட ஒரே ஒரு ஆள்தான் இருக்க வேண்டும் என்றார் சார். மற்றவர்கள் என்ன சொன்னாலும் காதில் வாங்கக் கூடாது. ஆனால் 'நில்' என்று மட்டும் யார் சொன்னாலும், சும்மா வழியில் போகிறவர் சொன்னாலும், அந்த நொடியே நிற்க வேண்டும். நான் கையைத் தூக்கினேன்.

"சார், எங்க தெருவுல அப்படின்னா வண்டி கிளம்பவே கிளம்பாதே."

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "உங்க தெருவுக்குள்ள ஃபோர்க்லிஃப்ட் எதுக்கும்மா வரப்போகுது?" என்றார்.

வந்தது.

மழைக்காலத்தில் டிவியில் ரெட் அலர்ட் என்று ஓட ஆரம்பித்ததும் எங்கள் தெரு மேலே ஏற ஆரம்பிக்கும். கார்கள் பெருங்களத்தூர் பாலத்துக்குப் போய் வரிசையாக நிற்கும். சோபா செங்கல் மேல் ஏறும். வாஷிங் மெஷின் கட்டில் மேல் ஏறும். கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டிவைப்போம், இல்லாவிட்டால் அது மிதந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அப்புறம் யாருடையது என்று பேச்சு வரும். புதிதாக சிமெண்ட் ரோடு வேறு போட்டிருந்தார்கள். பழைய ரோட்டின் மேலேயே போட்டதில் ரோடு உயர்ந்து, வீடுகள் எல்லாம் பள்ளத்தில் இறங்கிவிட்டன. எல்லார் வீட்டுக்குள்ளும் படி இறங்கித்தான் போக வேண்டும். அந்த ரோட்டைத் திட்டாத வாய் தெருவில் இல்லை.

ஃப்ரிட்ஜ்கள் மாடிக்குப் போகும். அதில் எங்கள் ஆட்களுக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. ஒரு பழைய போர்வை, கொஞ்சம் கயிறு, படிக்கொரு ஆள், ஆளுக்கொரு யோசனை, இவ்வளவுதான் வேண்டியது. அந்த வருஷம் ஒரே ஒரு ஃப்ரிட்ஜ் மட்டும் போகவில்லை. மாவு அக்காவுடையது.

மாவு அக்கா தெருவின் நடுவில் ஒரு வீட்டில் கீழ்ப்போர்ஷனில் குடியிருக்கிறார். இட்லி மாவு அரைத்து விற்பதுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. காலையில் எங்கள் தெருவில் எந்த வீட்டு இட்லியைத் தொட்டாலும் அது அக்கா கை மாவுதான். போன வெள்ளத்தில் அவருடைய பழைய ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்து, ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி, கதவு திறந்துகொண்டு, வீட்டுத் தண்ணீர் முழுக்க மாவு வெள்ளை ஆனது. அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் ரொம்ப மாதங்களுக்கு, ஒரு அடுக்கு மாவு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், இன்னொன்று எதிர் வீட்டில், வேறொன்று டெய்லர் வீட்டில் என்று தவணையில் வியாபாரம் நடந்தது. மாவு வாங்க வந்தவர்கள் கிண்ணத்தோடு வீடு வீடாக அலைந்தார்கள். இந்தப் புது ஃப்ரிட்ஜ் எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கூல்டிரிங்ஸ் கடையில் நிற்குமே, கண்ணாடிக் கதவு போட்டு, ஆளை விட உயரமாக, அந்த மாதிரி.

அதை மாடிக்கு ஏற்றப் பார்த்தார்கள். அந்த வீட்டு மாடிப்படி வெளிப்பக்கம் இரும்பில் முறுக்கு மாதிரி சுற்றிக்கொண்டு போகிறது. முதல் வளைவிலேயே ஃப்ரிட்ஜ் சிக்கி, கீழேயும் வராமல் மேலேயும் போகாமல் நின்றது. ஒருவர் கைப்பிடியை அறுக்கலாம் என்றார். ஒருவர் ஃப்ரிட்ஜைப் படுக்க வைக்கலாம் என்றார். இன்னொருவர் மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டி இழுக்கலாம் என்றதும், முன்பு அப்படி இழுத்த பீரோ என்ன ஆனது என்று எல்லோரும் ஞாபகப்படுத்தினார்கள். ஒருவழியாக அதைத் திரும்ப வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். வானம் ஈயச்சட்டி நிறத்துக்கு மாறியிருந்தது.

அக்கா என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார். "இதுவும் போச்சுன்னா நான் மாவு அரைக்கிறதையே விட்டுடுவேன் பாப்பா. திரும்ப ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்ல."

எனக்கு அப்போது தெருக்கோடி டைல்ஸ் டெப்போதான் கண்ணில் பட்டது. கதவுக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில், இரண்டு கைகளையும் தரையில் நீட்டிக்கொண்டு ஒரு டீசல் ஃபோர்க்லிஃப்ட்.

அதை ஓட்டுகிற அண்ணன் மழை லீவில் விழுப்புரம் பக்கம் ஊருக்குப் போயிருந்தார். டெப்போ முதலாளியும் அக்கா மாவில்தான் காலை தோசை சாப்பிடுகிறவர். என் அட்டையை வாங்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அட்டையைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார். வேகமாக ஓட்டக் கூடாது, தெருவை விட்டு வெளியே போகக் கூடாது, முடிந்ததும் தண்ணீர் ஏறாத அதே மேட்டில் கொண்டுவந்து விட வேண்டும் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார்.

டயர், ஃபோர்க், சங்கிலி, ஆயில், பிரேக், ஹாரன், பெல்ட் எல்லாம் பார்த்தேன். எதிலும் குறை இல்லை. கடைசியாக ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பார்த்தேன். வண்டி பாட ஆரம்பித்தது.

பீப் பீப் என்று அடித்தால் அந்த அண்ணனுக்குத் தலைவலி வருமாம். அதனால் கழற்றிவிட்டுப் பாட்டு ஹாரன் மாட்டியிருக்கிறார். என்ன பாட்டு என்கிறீர்கள்? தினமும் காலையில் எங்கள் தெருவுக்குள் வருகிற குப்பை வண்டி போடுமே, டிங் டிங் என்று, அச்சாக அதே மெட்டு. வயரைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் ரிவர்ஸில் சத்தம் வராத வண்டியை எடுக்கவே கூடாது. அதுவும் விதி. பாடட்டும் என்று விட்டேன்.

ஃப்ரிட்ஜ் போக வேண்டிய இடத்தையும் முடிவு செய்தாயிற்று. தெருவின் மறுகோடியில் ரயில்வே சார் வீடு. கார்டாக இருந்து ரிடையர் ஆனவர், இப்போது எங்கள் காலனி சங்கத் தலைவர். அவர் வீட்டு போர்ட்டிகோ ரோட்டை ஒட்டியே இருக்கும். அதன் மேல்தளத்துச் சுற்றுச்சுவரை இடித்தவர், கிரில் போடப் போகிறேன் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டு, போடாமல் வைத்திருந்தார். அதனால் ரோட்டுப் பக்கம் திறந்தபடி கிடந்தது. பழைய ரோடாக இருந்தால் ஃபோர்க் அந்த உயரத்துக்கு எட்டியிருக்காது. நாங்கள் திட்டிய ரோடுதான் எட்ட வைத்தது. அந்தப் பக்கம் தலைக்கு மேல் ஒயர் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

சைகைக்கு ஒரே ஆள் என்று சொன்னதும் ரயில்வே சார் அது தன்னைத் தவிர வேறு யாராக இருக்க முடியும் என்பது போல உள்ளே போனார். விசிலும் பச்சைக் கொடியுமாக வெளியே வந்தார். சிவப்புக் கொடி எங்கே என்று கேட்டேன். அதை அவர் மனைவி கொலுப்படி மூட எடுத்தாராம், அதற்கப்புறம் கண்ணில் படவில்லையாம்.

"அப்ப நில்லுன்னு எப்படி சார் சொல்வீங்க?"

"பச்சை காட்டலைன்னா நில்லுன்னு அர்த்தம்மா. முப்பது வருஷம் ரயிலே நின்னிருக்கு."

ஃப்ரிட்ஜைப் போர்வையால் சுற்றி, மரப் பலகையான பேலட் மேல் நிற்க வைத்து, டைல்ஸ் பெட்டி கட்டுகிற பட்டையால் இறுகக் கட்டினோம். நான் ஃபோர்க்கை அடியில் விட்டு, கொஞ்சமாகத் தூக்கி, என் பக்கம் சாய்த்துக்கொண்டேன். முன்னால் போர்வையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆகவே ரிவர்ஸ்தான். தெரு நெடுக, பாட்டோடு.

முதல் வீட்டுக் கதவு திறந்தது. ஒரு மாமி பச்சை வாளியும் நீல வாளியுமாக வந்து, மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வீட்டிலிருந்து ஒருவர் பனியனோடு ஓடிவந்து, இன்னைக்கு லேட்டா வரீங்களே என்று கண்டித்துவிட்டு, ஒரு பையை பேலட் மேல் வைத்தார். நான் நிறுத்தி, இறங்கி, பையை அவர் கையில் கொடுத்து, விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். விளக்கி முடிப்பதற்குள் இன்னொரு பை வந்துவிட்டது.

பாட்டுக்கு வந்த கூட்டம் வண்டியைப் பார்த்ததும் வழக்கமான வேலையில் இறங்கியது. "வா வா வா." எனக்குப் பின்னால் நின்றவர்கள் சொன்னார்கள், சரி. முன்னால், ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் வா வா என்றார்கள். நான் அவர்களை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒருவர் லெஃப்ட்ல ஒடி என்றார், ஒருவர் ரைட்ல என்றார், மாடியிலிருந்து ஒருவர் நேரா, நேரா என்றார். இதையெல்லாம் காதில் வாங்காமல் ரயில்வே சாரின் பச்சைக் கொடியை மட்டுமே பார்த்துக்கொண்டு போனேன். ஆனால் 'ஸ்டாப்' என்றால் நிற்க வேண்டுமே. போனில் ஒருவர் யாரையோ "ஸ்டாப் ஸ்டாப், முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்றார். நின்றேன். படம் எடுக்க ஒருவர் நிறுத்தச் சொன்னார், நின்றேன். பழைய மெத்தை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்க ஒரு அக்கா ஸ்டாப் என்றார், அதற்கும் நின்றேன். சொன்னால் வண்டி நிற்கிறது என்ற செய்தி தெருவுக்குள் எங்களை விட வேகமாகப் போயிற்று. அதுவரை எந்த வண்டியும் அவர்கள் பேச்சைக் கேட்டதில்லை இல்லையா, சும்மா சொல்லிப் பார்த்தார்கள்.

கோவளத்துப் பக்கமிருந்து பஸ் மாறி மாறி வருகிற மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, குப்பை வண்டியா கச்சேரியா? பாட்டு போட்டுகினு பின்னாலயே போய்கினு கீதே."

"ஃப்ரிட்ஜும்மா. தண்ணி வருதுன்னு மேல ஏத்தறோம்."

"அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி பேரு? பேஜாரு." சொல்லிவிட்டு அவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

போர்வை சுற்றிய உயரமான ஏதோ ஒன்று, முன்னால் கொடி பிடித்த பெரியவர், பாட்டு, கூட்டம். இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த ஒரு வீட்டில் குடும்பமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். மாவு அக்கா ஃப்ரிட்ஜுக்குப் பக்கவாட்டில், நான் சொன்ன தூரத்தைத் தாண்டாமல், அதன் மேலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்து வந்தார். அவரையும் கும்பிட்டார்கள்.

ரயில்வே சார் வீட்டு முன்னால் வண்டியைத் திருப்பி, போர்ட்டிகோவைப் பார்க்க நிறுத்தினேன். தூக்குவதற்கு முன்னால் பேலட் மேல் இருந்த குப்பைப் பைகளை எல்லாம் எடுத்து ஓரமாக வைத்தேன். முதல் தூறல் விழுந்தது. இனிதான் அசல் வேலை என்று ஏறி உட்கார்ந்தால், இரண்டு பேர் பேலட் மேல் ஏறி நின்று ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்துக்கொள்ளத்தான் ஏறினார்களாம். இறங்குங்கள் என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. பிடிக்க ஆள் இல்லாமல் ஃப்ரிட்ஜ் எப்படித் தனியாக மேலே போகும் என்று கேட்டார்கள். பட்டை போட்டுக் கட்டியிருக்கிறதே என்றால், பட்டை பிடிக்குமா, ஆள் பிடிப்பது போல ஆகுமா என்றார்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் ஏறினார். ரயில்வே சார் விசில் ஊதி இருவரையும் இறக்கிவிட்டார். நான் எஞ்சினைக் கிளப்பினேன்.

போர்வை அசைந்தது.

எட்டிப் பார்த்தேன். மாவு அக்கா பேலட் மேல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஃப்ரிட்ஜை அணைத்து, கன்னத்தைப் போர்வையில் வைத்திருந்தார்.

"அக்கா, இறங்குங்க."

"நீ தூக்கு பாப்பா."

"ஆள் இருந்தா தூக்கக் கூடாதுக்கா."

"போன தடவை அது தனியாத்தான் போச்சு. நான் படியில உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன்." அவர் குரல் உயரவே இல்லை. "இந்தத் தடவை விழுந்தா ரெண்டு பேரும் விழறோம். நீ தூக்கு."

நான் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். தூறல் மழையாக மாறத் தொடங்கியது. தெரு உடனே எனக்கு எதிராகப் பேசியது. அக்கா என்ன கனமா, பூ மாதிரி, சேர்த்தே தூக்கிவிடலாமே என்றார்கள். பட்டையை அவிழ்த்து அவரையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார், நிஜமாகவே கயிறு தேடப் போனார். பொண்ணுக்குப் பயம் வந்துடுச்சு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பயம்தான். தண்ணீர் வந்தாலும் வரட்டும், அவரைத் தூக்க மாட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இறக்குவது எப்படி? ஏறக் கூடாது என்று சொல்லிக்கொடுத்த சார், ஏறிக் கட்டிப்பிடித்துக்கொண்டவரை என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

அண்ணாந்து போர்ட்டிகோவைப் பார்த்தேன். மேலே யாருமே இல்லை. ஃப்ரிட்ஜ் முன்னால் மறைப்பதால் தளத்தின் விளிம்பு எனக்குத் தெரியாது. கீழே நிற்கிற ரயில்வே சாருக்கும் தெரியாது. இதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

"அக்கா," என்றேன், "நீங்க இதுலயே நின்னா, மேல அதை யாருக்கா வாங்கறது?"

அவர் கன்னத்தை எடுத்துத் திரும்பிப் பார்த்தார். நான் கேட்டது அவருக்கு மட்டும் இல்லை, கூட்டத்துக்கே புதிதாக இருந்தது. கொடுக்க இத்தனை பேர் திரண்டிருந்தோம், வாங்க ஒருவரும் இல்லை. அக்கா போர்வையை ஒரு தடவை இழுத்துச் சரிசெய்துவிட்டு இறங்கினார். ரயில்வே சார் வீட்டுப் படியில் விறுவிறுவென்று ஏறினார்.

இப்போது சைகை காட்டப் போகிறவர் அக்காதான், கொடியை அவரிடம் கொடுத்துவிடுங்கள் என்றேன். ரயில்வே சார் முகம் சுருங்கிப்போயிற்று. கொடியை அப்படியெல்லாம் கைமாற்ற முடியாது என்று ஆரம்பித்தார். ஜன்னலுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "கொடுங்களேன். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து கேட்கப் போறாரா?" கொடுத்தார். அக்கா அதில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இடுப்பில் செருகிக்கொண்டார். விசிலை வைத்துக்கொண்டு ரயில்வே சார் கூட்டத்தை எதிர்ச்சுவர் வரைக்கும் தள்ளினார். வாளிகளோடும் குடைகளோடும் அத்தனை பேரும் அங்கே ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அக்காவை விளிம்புக்கு வராமல், முதுகை வீட்டுச் சுவரில் வைத்துக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

அவர் ஆயுளில் ஒரு சைக்கிளுக்குக் கூட சைகை காட்டியவர் இல்லை. ஆனாலும் எங்கள் தெருக்காரர் அல்லவா.

ஃபோர்க்கை மெல்ல உயர்த்தினேன். போர்வை மேலே போயிற்று. தளத்தின் மட்டத்தைத் தாண்டியதும் அக்கா கை நீட்டினார்.

"வா," என்றார். "வா... வா... மெதுவா... வாடா கண்ணு..."

என்னைக் கூப்பிடவில்லை என்பது தெரிந்தது. என் வேலை அந்தக் குரலுக்கு வண்டியை நகர்த்துவது மட்டும். மழைக்குள் போர்வையும், அதன் ஓரத்தில் அசைகிற அந்த ஒரு கையும்தான் தெரிந்தன. எதிர்ச்சுவரில் ஒருவர் கூட வாய் திறக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு ஆள் வா சொல்லி நான் கேட்டது அப்போதுதான்.

"நில்லு."

நான் நின்றேன். தெருவில் நடந்துகொண்டிருந்த யாரோ ஒருவர் கூட நின்றுவிட்டார்.

"இன்னும் துளி. வா. ம். போதும், போதும்."

இறக்கினேன். சுமை தளத்தில் உட்கார்ந்ததும் ஃபோர்க் லேசாவது நம் சீட்டுக்கே தெரியும், நீண்ட மூச்சு விட்ட மாதிரி ஒரு அசைவு. ரிவர்ஸ் போட்டேன். பாட்டு ஆரம்பித்தது. எதிர்ச்சுவரிலிருந்து சில ஆண்கள் படியேறி ஓடி, பேலட்டை உள்பக்கம் இழுத்தார்கள். அதே நேரம் தெருமுனையில் அசல் குப்பை வண்டி அதே பாட்டோடு திரும்பியது. அந்த டிரைவருக்கு என் மேல் வந்த கோபத்தை எழுதப் போனால் தனியாக எழுத வேண்டும். போர்வைக்குப் பின்னால் ஒரு குப்பைப் பை என் கண்ணில் படாமல் ஃப்ரிட்ஜோடு சேர்ந்து மேலே போயிருந்தது. ரயில்வே சார் மனைவி அதைக் கண்டுபிடித்து, யாருடையது என்று விசாரித்தபோது ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

வண்டியை டெப்போ மேட்டில் விட்டு, ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

விடிந்தபோது தெருவில் இடுப்பளவு தண்ணீர். மாவு அக்கா ஹாலில் ஜன்னல் விளிம்பு வரைக்கும் நின்றது. ஃப்ரிட்ஜ் ரயில்வே சார் வீட்டு போர்ட்டிகோ மேல், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு, துளி ஈரம் படாமல் நிமிர்ந்து நின்றது. கரண்ட் மட்டும் இல்லை. தண்ணீர் வந்தால் தெருவுக்கே நிறுத்திவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவ்வளவு பாடுபட்டு ஏற்றியபோது ஏனோ யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மழைக்கு முன்னால் அரைத்து, மேலே ஏற்றிய பிறகு உள்ளே வைத்த மாவு எல்லாம் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்ததாம். அக்கா கவலைப்படவில்லை. ஊத்தப்பத்துக்கு இதைவிட நல்ல மாவு கிடையாது என்று தெருவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நானும் ஒரு தூக்கை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போனேன். போர்ட்டிகோவுக்குக் கீழே ஏற்கெனவே கூட்டம். மேலிருந்து கயிற்றில் ஒரு வாளி மாவு இறங்க ஆயத்தமாக இருந்தது. பச்சைக் கொடி இன்னும் அக்கா இடுப்பிலேயே இருந்தது. நான் வாளியை வாங்க ஆவலாக அதற்கு நேர் கீழே போய்க் கையைத் தூக்கினேன். பக்கத்தில் ஒருவர் வழக்கம்போல ஆரம்பித்தார், "வா வா வா..."

கயிறு நின்றுவிட்டது.

"யாரு அது சத்தம் குடுக்கிறது? நான் மட்டும்தான் சொல்லுவேன்," என்றார் அக்கா மேலேயிருந்து. "பாப்பா, உனக்கு வேற தனியா சொல்லணுமா? மேலேருந்து இறங்குது இல்ல, கீழ நிக்காத. தள்ளு. எல்லாரும் அந்தச் செவுத்துக்குப் போங்க."

எல்லோரும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போய் ஒட்டிக்கொண்டு நின்றோம். வாளி ஆடாமல் அசங்காமல், தனியாக, மெதுவாக இறங்கி வந்தது.